ஆளில்லாத் தெருவும் இடம்பெயர்ந்த கோட்டையும்: வாசகர் கேள்வி–பதில்

நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம், பாறசாலை. பழைய தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் என்ற பிரிட்டிஷ் மிஷனரிச் சங்கம் வேலை செய்த ஊர்கள் இவை. இவற்றின் பழைய வரைபடங்கள், புகைப்படங்கள் பற்றி தமிழக–கேரள எல்லையின் இரு பக்கமிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவர்களைச் சேர்த்துவிட்டோம். பாலக்காட்டுப் பக்கத்துக் கேள்வி ஒன்றும் உண்டு.

கேள்வி: வீட்டு டிரங்குப் பெட்டியில் அட்டையில் ஒட்டிய ஒரு படம் கிடைத்தது. பங்களா வராந்தாவில் துரையும் உபதேசிமார் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் ‘நெய்யூர் 1850’ என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? (வாசகி, களியக்காவிளை)

எழுதியது யார், எப்போது என்று தெரியாதவரை அந்தப் பென்சிலை ஓரமாக வையுங்கள். அட்டையும் தாளும்தான் சாட்சி.

முதலில் ஸ்கேலை வைத்து அட்டையை அளந்துவிடுங்கள். அகலம் சுமார் 63 மி.மீ., உயரம் சுமார் 100 மி.மீ. என்றால் அது ‘கார்ட் தெ விசிட்’ வகை. பாரிசில் திஸ்தேரி இதற்குக் காப்புரிமை பெற்றதே 1854-இல்தான். உலகமெங்கும் பரவியது 1860-களில். 108×165 மி.மீ. அளவில் பெரிதாக இருந்தால் அது கேபினட் கார்டு, 1866-க்குப் பிந்தியது. இரண்டில் எதுவானாலும் 1850 அடிபட்டுப் போகிறது.

அடுத்து அட்டையின் விளிம்பு. மெல்லிசாக, நான்கு மூலையும் கூராக இருந்தால் 1860-கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மூலை உருண்டு, அட்டை தடித்திருந்தால் 1870-கள். விளிம்பைச் சரித்துச் செதுக்கி தங்கப்பூச்சு பூசியிருந்தால் 1880-களோ அதற்குப் பிறகோ. இது பொதுக்கணக்குதான். பழைய அட்டை மிச்சமிருந்த ஸ்டூடியோக்காரர் அதையே பத்து வருஷம் ஓட்டியிருக்கவும் கூடும்.

கடைசியாகத் தாள். நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். தாளின் நார் தெரிகிறது, நிறம் ஊதா கலந்த பழுப்பு, வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்கள் மஞ்சள் பாய்ந்திருக்கின்றன என்றால் அது ஆல்புமென் பிரதி. முட்டை வெள்ளைக்கருவில் உப்பைக் கலந்து தாளில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டுச் செய்தது. இந்தத் தாள் மிக மெல்லியது, தனியே விட்டால் சுருண்டுகொள்ளும். அட்டையில் ஒட்டியே தீரவேண்டும் என்பதால்தான் அக்காலப் படங்கள் எல்லாம் அட்டையோடு வருகின்றன. நார் தெரியாமல் மேற்பரப்பு வழவழவென்று இருந்தால், தாளுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. அது 1880-களுக்குப் பிறகு வந்த தாள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது புகைப்படமே இல்லை, அச்சு.

ஒரு பொறி உண்டு. பழைய படத்தைத் திரும்பப் படமெடுத்து, புது அட்டையில் ஒட்டிக் கொடுப்பது அப்போது சாதாரணம். நெய்யூர் மருத்துவர் லீச் 1854-இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். அவர் முகம் ஒரு கார்ட் தெ விசிட்டில் இருந்தால் அது மறுபடம் என்றுதான் கொள்ள வேண்டும். மறுபடத்தில் நிழல் பகுதிகள் கறுத்து அடைந்துபோயிருக்கும். மூலப்படத்தின் ஓரம் அல்லது ஆணித்துளையின் நிழல் எங்காவது ஒரு மூலையில் மாட்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பழைய படத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பின்னால் தெரியவேண்டிய மலையும் இல்லை. காலரா வந்த காலத்தில் எடுத்ததா? அல்லது வேறு ஊரா? (வாசகர், நாகர்கோவில்)

காலராவும் இல்லை, வேறு ஊர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தெரு நிறைய ஆள் இருந்திருப்பார்கள், கேமரா அவர்களைப் பிடிக்கவில்லை.

1851-இல் வந்து 1870-கள் முடியும்வரை ஆண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் பசை போன்ற கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன் கழுவியும் ஆகவேண்டும். நம் வெயிலில் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. கட்டடம் முழுக்கத் தெளிவாக விழ லென்ஸின் துவாரத்தைக் குறுக்குவார்கள். அதனால் பல விநாடி திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர் தகட்டில் பதியவே மாட்டார். நின்று நின்று நடந்தவர் புகையாக விழுவார். லென்ஸை வைத்துத் தரைமட்டத்தில் தேடுங்கள். இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல், இரண்டு பாதம் மட்டும் தெளிவாக நிற்கும் இடம் அகப்படலாம். உடம்பு ஆடியது, கால் ஊன்றி நின்றது. மாட்டுவண்டியில் வண்டி தெளிவாக இருந்து மாட்டின் தலை மட்டும் மங்கியிருப்பதும் இதே கதைதான்.

மலை விஷயத்துக்குக் காரணம் வேறு. அந்தத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். வானம் எப்போதும் வெள்ளைக் காகிதம் போல விழும். தூரத்து மலை நமக்கு நீலமாகத் தெரிவதால் அதுவும் வானத்தோடு கரைந்துவிடும். மருந்துவாழ் மலையோ வேளிமலையோ காணோம் என்று படத்தைத் தள்ளிவிடாதீர்கள். இதே காரணத்தால் செங்கல், செம்மண் சுவர், குங்குமம், சிவப்புச் சேலை எல்லாம் கறுத்து விழும், நீலத்துணி வெள்ளையாகும். ‘எல்லாரும் வெள்ளையுடை, ஆகவே இது ஞானஸ்நானம்’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

உடையைப் பற்றி இன்னொன்று. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் அதற்கு அனுமதி தந்த 1859 ஜூலை 26 அரச விளம்பரமும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், பெண்கள் குப்பாயம் (மேற்சட்டை) போட்டிருந்தால் அதற்குப் பின், போடாவிட்டால் அதற்கு முன் என்று ஆண்டு கணிக்கிறார்கள். இது செல்லாது. மிஷன் படங்கள் நிற்கவைத்து எடுத்தவை. இங்கிலாந்தில் நன்கொடை தருகிறவர்களுக்குக் காட்ட உடுத்தி நிறுத்தியவை. வெளியே வயலில் எடுத்தால் உடை வேறாக இருந்திருக்கும். உடையை வைத்து ஆண்டு சொல்வதைவிட, படத்தை எதற்காக எடுத்தார்கள் என்று கேட்பதில் பயன் அதிகம்.

கேள்வி: நாகர்கோவிலை மிஷன் ஊராகக் காட்டும் மிகப் பழைய வரைபடம் எது? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

‘மிஷன் ஊராக’ என்பதில்தான் சிக்கல். ஆங்கிலேய அளவையாளர் லாம்டனின் முக்கோண அளவை 1809-இல் குமரிக்குப் பக்கத்துப் புன்னை வரை வந்துவிட்டது. அந்த முக்கோணங்களைச் சட்டமாக வைத்து வார்டு, கானர் என்ற இரு லெப்டினென்டுகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் 1816 முதல் 1820 வரை அளந்தார்கள். மிஷனரி ரிங்கல்தோபே மயிலாடிக்கு வந்தது 1806. அடுத்து வந்த மிஷனரி மீட் நாகர்கோவிலுக்கு மாறியது 1818. ஹோம் சர்ச்சுக்குக் கல் வைத்தது 1819. அதாவது, சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோதுதான் மிஷன் ஊர் முளைத்துக்கொண்டிருந்தது. நெய்யூருக்கு மீட் போனது 1828-இல் என்பதால் அந்த அளவையில் நெய்யூரை மிஷன் ஊராகத் தேடுவது வீண்.

வார்டு–கானர் அளவையின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. கோட்டாறு, வடசேரி, நாகராஜா கோயில், சுசீந்திரம், குளங்கள், பாதைகள் எல்லாம் மிஷனுக்கு முன் எப்படிக் கிடந்தன என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. கூடவே எழுதப்பட்ட நினைவுக்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். வரைபடத்தில் புள்ளியாக நிற்கும் ஊருக்கு அதில் நாலு வரி இருக்கலாம்.

பிந்திய வரைபடங்களுக்கு ஆண்டு போட, கட்டியது எப்போது என்று தெரிந்தவற்றைத் தேடுங்கள். பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் வரைந்திருந்தால் தாள் அந்த வேலை நடந்த 1897–1906 காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஊருக்குள் மணிமேடை இருந்தால் 1893-க்குப் பின். நாகர்கோவில் மிஷன் பள்ளியை ‘செமினரி’ என்று குறித்திருந்தால் பழையது. ‘ஸ்காட்’ பெயர் வந்தது 1893-இல். ஆனால் இல்லாததை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். பழைய செப்புத்தகட்டையே வைத்துக்கொண்டு இருபது வருஷம் கழித்துத் திரும்ப அச்சடிப்பார்கள். தாளின் அடியில் இருக்கும் அச்சு ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு.

கேள்வி: ஒரு அங்குலத்துக்கு நாலு மைல் என்ற அளவில் உள்ள பழைய அட்லஸ் தாளை க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஏற்றினேன். தாளின் ஓரத்தில் இருக்கும் தீர்க்கரேகைகளையே கொடுத்தும், உதயகிரிக் கோட்டை ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி விழுகிறது. எங்கே தப்பு? (வாசகர், பாறசாலை)

உங்கள் பக்கம் தப்பில்லை. பழைய அளவைத் தாள்களின் தீர்க்கரேகைக்கு அடிப்படையான சென்னை வானாய்வகம் கிரீன்விச்சிலிருந்து எத்தனை பாகை கிழக்கே என்ற மதிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கத் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில், சென்னையை 80°18'30" என்று கொண்டதாகவோ 80°17'21" என்று கொண்டதாகவோ ஒரு குறிப்பு இருக்கும். முதலாவது என்றால் எல்லாத் தீர்க்கரேகையிலும் 3'39" கழிக்க வேண்டும். இரண்டாவது என்றால் 2'30". நம் பகுதியில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒன்று) தீர்க்கரேகை சுமார் 1.84 கி.மீ. அப்படியானால் முதல் வகைத் தாளில் 6.7 கி.மீ., இரண்டாம் வகையில் 4.6 கி.மீ. கிழக்கே விழும். உங்களுடையது முதல் வகை.

கழித்துவிட்டு ஏற்றினாலும் கொஞ்சம் பிசகும். கட்டங்களை விட்டுவிட்டு, தரையில் இன்றும் அசையாமல் இருப்பவற்றைப் பிடித்துக் கட்டுவதே நல்லது. அசையாதவை என்றால் உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளின் மூலைகள், சுசீந்திரம் கோயில், தெப்பக்குளத்தின் மூலை, பழைய கல்பாலம் போன்றவை. ஆற்றுமுகம், கடற்கரை, மண்பாதை வேண்டாம். பழையாறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு வருஷத்துக்கு வருஷம் மாறும். அதைப் பிடித்துக் கட்டினால் மொத்தத் தாளும் கோணலாகும். குளக்கரையிலும் எச்சரிக்கை தேவை. நீர்விளிம்பை விட்டு, கல்கட்டிய கரையை மட்டும் எடுங்கள்.

எட்டு முதல் பத்துப் புள்ளிகள் எடுத்து, தாள் முழுக்கப் பரவலாக வையுங்கள். நாகர்கோவிலைச் சுற்றி எட்டும் பாறசாலைப் பக்கம் ஒன்றுமில்லாமலும் வைத்தால் பாறசாலை காற்றில் பறக்கும். முறையாக அளந்த தாளுக்கு முதல்படிப் பல்லுறுப்பு மாற்றம் (தாளை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டும் முறை) போதும். ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ பக்கம் பலருக்கும் கை போகிறது. காரணம், அதில் பிழை பூஜ்யம் என்று காட்டும். அது எந்தத் தாளுக்கும் பூஜ்யம்தான் காட்டும். கொடுத்த புள்ளியில் தாளை இழுத்து ஆணியடித்துவிட்டு நடுவில் ரப்பர் போல நீட்டும். கையால் வரைந்த மிஷன் படத்துக்கு அது சரி, சர்வே தாளுக்கு வேண்டாம். மூன்று புள்ளிகளைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்து, முடிந்தபின் அவை எங்கே விழுகின்றன என்று பாருங்கள். உண்மையான பிழை அதுதான். ஆயத்தொலை முறைக்கு 32643 என்ற எண்ணைக் (யூ.டி.எம். 43 வடக்கு மண்டலம்) கொடுங்கள். கன்னியாகுமரி, திருவனந்தபுரம், பாலக்காடு மூன்றும் அந்த மண்டலத்துக்குள்தான் வரும்.

எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? நாலு மைல் தாளின் அளவு 1:2,53,440. கால் மில்லிமீட்டர் கோடு தரையில் 63 மீட்டர். ஒரு மைல் தாளில் அதே கோடு 16 மீட்டர். மிஷன் காம்பவுண்டு எந்தப் பக்கம் என்று சொல்லலாம். கிணறு எங்கே என்று சொல்ல முடியாது. துணி ஒட்டி மடித்த தாளானால் ஒவ்வொரு மடிப்புத் துண்டையும் தனித்தனியே ஏற்றுங்கள். துண்டுகளுக்கு நடுவில் விட்ட இடைவெளி எல்லாம் கூடி நூற்றுக்கணக்கான மீட்டராகிவிடும்.

கேள்வி: மிஷன் ஆண்டறிக்கையோடு வந்த வரைபடத்தில் எங்கள் ஊரே இல்லை. பக்கத்தில் உள்ள குக்கிராமம் இருக்கிறது. அப்போது எங்கள் ஊர் இல்லையா? (வாசகர், விளவங்கோடு தாலுகா)

ஊர் இருந்தது, சபை இல்லை. அந்தப் படங்கள் நன்கொடையாளருக்கு வரைந்தவை. எங்கெங்கே சர்ச்சு, எங்கெங்கே பள்ளி என்பதுதான் அவற்றின் வேலை. பெரிய சந்தை ஊரை விட்டுவிட்டு பத்து வீட்டுச் சபையைப் போட்டிருப்பார்கள். தூரங்களும் நடந்த நேரத்தை வைத்துப் போட்டவை போல நீண்டும் குறுகியும் இருக்கும். அதைச் சபைகளின் பட்டியலாகப் படியுங்கள், நிலப்படமாகப் படிக்காதீர்கள்.

கேள்வி: இணைய ஆவணங்களில் ‘மார்த்தாண்டம்’, ‘பாறசாலை’ என்று தேடினால் எதுவும் வருவதில்லை. (பலர்)

மார்த்தாண்டத்தின் பழைய பெயர் தொடுவெட்டி. அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாறசாலையை அந்தக் காலத்து மிஷனரிகள் ஆங்கிலத்தில் ‘பரேய்ச்சாலே’ என்று ஒலிக்கும்படி எழுதினார்கள். மயிலாடி ‘மைலாடி’, ‘மைலௌடி’ ஆகும். நெய்யூரில் ஒரு எழுத்து குறையும். உதயகிரி ‘ஊடகெரி’ ஆகும். எழுத்துப் பெயர்ப்பு முறை எதுவும் அப்போது இல்லை. எழுதினவர் காதில் விழுந்தது எதுவோ அதுதான். ‘ர’, ‘ல’, ‘ழ’ வரும் இடத்திலெல்லாம் மூன்று விதமாகவும், ‘உ’ ஒலிக்கு ஓ இரண்டும் யூ ஒன்றும் மாற்றிப் போட்டும் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயரில் ஒன்றும் சிக்காவிட்டால் மிஷனரியின் பெயரில் போங்கள். நாகர்கோவிலுக்கு மீட், மால்ட், டூத்தி; பாறசாலைக்கு ஆப்ஸ்; நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ராம்சே, லீச், லோ.

லண்டன் மிஷன் கடிதங்களும் படங்களும் லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கடிதங்கள் பகுதிவாரியாக, ஆண்டுவாரியாக உண்டு. பல மிஷன்களின் படங்களை ஒரே இடத்தில் பார்க்க தென்கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மிஷன் புகைப்படத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. இங்கே பக்கத்தில் திருவனந்தபுரம் கேரள மாநில ஆவணக்காப்பகம், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி. எங்கே எழுதிக் கேட்டாலும் படத்தின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்புவார்கள். நமக்கு வேண்டிய கையெழுத்து பின்னால்தான் இருக்கும்.

கேள்வி: பாலக்காட்டு மிஷன் படங்களும் அங்கேதானா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

இல்லை. அது பாசல் மிஷன் வட்டாரம். மங்களூரில் 1834-இல் தொடங்கி, தலசேரி, கண்ணூர், கோழிக்கோடு வழியாக 1858-இல் பாலக்காடு வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் ஆவணக்காப்பகம் தன் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தலைப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். கையெழுத்து பழைய ஜெர்மன் எழுத்தில். ஜெர்மன் தெரிந்தவருக்கே அது புரியாது, அந்த எழுத்தைப் படிக்கப் பழகியவர் வேண்டும்.

கேள்வி: படத்தின் பின்னால் தமிழில் ‘௲௬௰௮ ௵ மிதுன ௴’ என்று இருக்கிறது. இது என்ன கணக்கு? (வாசகர், நெய்யாற்றின்கரை)

இவை எழுத்துகளைப் போலத் தெரியும் தமிழ் எண்கள். ௲ ஆயிரம், ௬ ஆறு, ௰ பத்து, ௮ எட்டு. ஆறு பத்து அறுபது, ஆக 1068. ௵ வருஷம், ௴ மாதம். ௬-ஐ ‘சு’ என்றும், ௰-ஐ ‘ய’ என்றும், ௮-ஐ ‘அ’ என்றும் படித்து யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கூடவே ஆண்டு, மாதக் குறி வந்தால் அது எண்தான்.

இது கொல்லம் ஆண்டு. தென்திருவிதாங்கூரில் சிங்கம் ஒன்றில், அதாவது ஆவணி முதல் தேதியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825. மிதுனம் நம் ஆனி. 1068-உடன் 825 கூட்டினால் 1893; ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவுக்குள். தனு மாதம் மட்டும் டிசம்பரிலும் ஜனவரியிலும் கால் வைக்கும், தேதியையும் பார்க்க வேண்டும். மலபார்ப் பக்கத்துப் படமானால் ஆண்டு கன்னியில் பிறக்கும். சிங்க மாதத்துக்கு மட்டும் கணக்கு ஒன்று மாறும்.

கேள்வி: பாட்டனாரின் வீட்டு மனையை மிஷன் காம்பவுண்டை ஒட்டிய வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், நெய்யூர்)

முடியும். ஆனால் வரைபடத்திலிருந்து தொடங்கக் கூடாது, ஆதாரத்திலிருந்து (சொத்துப் பத்திரம்) தொடங்க வேண்டும். இன்றைய ஆதாரத்தில் உள்ள ரீசர்வே எண்ணை எடுத்து, பழைய எண்ணோடு ஒப்பிடும் பட்டியலில் பார்த்து, செட்டில்மென்ட் (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த பழைய வேலை) எண்ணுக்குப் போங்கள். திருவிதாங்கூர் செட்டில்மென்ட் 1880-களில் தொடங்கி 1911-இல், அதாவது கொல்லம் 1086-இல் முடிந்தது. அந்தப் பதிவேட்டில் தாலுகா, பகுதி, எண், பேர் எல்லாம் உண்டு. அதற்கு முந்தியது என்றால் ஒழுகுகள், அதாவது பழைய நிலப் பதிவேடுகள். அவற்றில் எண் இருக்காது, நாலெல்லைதான் இருக்கும்: கிழக்கே இன்னார் புரையிடம் (வீட்டு மனை), தெற்கே மிஷன் வக (மிஷனுக்குச் சொந்தம்) என்பது போல. இந்த நாலெல்லையில் ஏதாவது ஒன்று குளமோ கோயிலோ சர்ச்சோவாக இருந்தால் வரைபடத்தில் அதை ஊன்றிக்கொண்டு மனையைக் கட்டிவிடலாம். நாலும் ஆள் பேராக இருந்தால் பக்கத்து மனைகளின் ஆதாரங்களையும் தேடவேண்டி வரும்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. பழைய பதிவேடுகளும் அந்த எல்லையில் இரண்டாகப் பிரிந்துவிட்டன. மனை எல்லைக்கு அருகே என்றால் இரண்டு மாநிலத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேடு மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிராம வரைபட நகல் நீலத் தாளில் வெள்ளைக் கோடாகக் கிடைத்தால் வெயிலில் காட்டாதீர்கள். அந்த நீலம் வெளுத்துப்போனாலும் இருட்டில் சில நாள் வைத்தால் ஓரளவு திரும்பும். ஆனால் காரத்தன்மை பட்டால் போனது போனதுதான்.

கேள்வி: ஆல்பத்தில் பூஞ்சை பிடிக்கிறது. வேப்பிலையும் பாச்சா உருண்டையும் போட்டும் பயனில்லை. எப்படிப் பாதுகாப்பது, எப்படி ஸ்கேன் செய்வது? (மூன்று வாசகர்கள்)

வேப்பிலையையும் உருண்டையையும் முதலில் எடுத்துவிடுங்கள். இலையின் ஈரமும் கறையும் படத்தில் இறங்கும். உருண்டை பூஞ்சையைத் தடுக்காது. பூஞ்சைக்குக் காரணம் காற்றின் ஈரம். நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. புகைப்படத்துக்கு 30 முதல் 50 சதவீதம் ஈரம்தான் நல்லது. வீட்டில் அது நடக்காத காரியம், ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி வெற்றி.

இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் படங்களோடு ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 100 கிராம் போடுங்கள். பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். காயவைக்க மறந்தால் அதுவே ஈரத்தைக் கக்கும், அதைவிட போடாமலே இருக்கலாம். ஒவ்வொரு படத்தையும் அமிலமில்லாத காகித உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் உறை இங்கே ஒத்துவராது: மழைக்காலத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி அதில் ஒட்டிக்கொண்டு பளபளத் திட்டாகும். பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பம் அதைவிட மோசம். ராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசையும் ஜெலட்டினும் பலகாரம், அட்டைக்கும் படத்துக்கும் நடுவிலேயே குடியேறும்.

பூஞ்சை பஞ்சு போல ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது. தேய்த்தால் படத்துக்குள் இறங்கும். காற்றோட்டமான நிழலில் காயவைத்து, பொடியானபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்வதே உத்தமம். சுருண்ட ஆல்புமென் தாளை அமுக்கி நிமிர்த்தினால் முட்டைப்பூச்சு வெடிக்கும்.

ஸ்கேனுக்குக் கணக்கு இது: நீண்ட பக்கத்தில் 4,000 புள்ளிக்குக் குறையாமல் வரவேண்டும். கார்ட் தெ விசிட்டுக்கு அங்குலத்துக்கு 1200, கேபினட் கார்டுக்கு 800, வரைபடத்துக்கு 400. கறுப்பு–வெள்ளை என்று நினைத்துக் கிரே தேர்ந்தெடுக்காதீர்கள். மஞ்சளும் பழுப்பும்தான் நாளை தாளை அடையாளம் காட்டும். நிறத்தில், டிஃப் கோப்பாக, அட்டை முழுவதும், பின்பக்கமும். தாளை உருளையால் இழுக்கும் ஸ்கேனரில் ஒருபோதும் விடாதீர்கள்.

கேள்வி: மூன்றேகால் அங்குலச் சதுரக் கண்ணாடிப் படங்கள் ஒரு பெட்டி இருக்கின்றன. சிலதில் ஊர் இடம் வலம் மாறித் தெரிகிறது. (சபைக் காரியதரிசி, பாறசாலை)

அவை மாய விளக்குப் படங்கள். இங்கிலாந்துக் கூட்டங்களில் திரையில் காட்டியவை. மூலையில் ஒரு வெள்ளைக் காகிதப் பொட்டு ஒட்டியிருக்கும். அந்தப் பொட்டு இடது கீழ் மூலையில் வரும்படி பிடித்தால் படம் நேராகத் தெரியும். பொட்டு விழுந்துபோயிருந்தால் படத்துக்குள் தேடுங்கள். பலகையில் எழுத்து இருந்தால் சந்தேகமே இல்லை. எழுத்து இல்லையென்றால் சேலை முந்தானை: இடது தோளில் கிடக்க வேண்டியது எல்லாப் பெண்களுக்கும் வலது தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஒருத்திக்கு மட்டும் என்றால் அது அவள் வழக்கம்.

தகடுகளைக் கிடையாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பது பாரத்தில் விரிசல் விடும். நீண்ட விளிம்பில், தட்டு அடுக்குவது போல நிற்க வையுங்கள். மேல்கண்ணாடி இல்லாத நெகட்டிவ் தகடானால் பளபளக்கும் பக்கத்தை மட்டும் துடைக்கலாம். மங்கலான பக்கம்தான் படம், அதில் தண்ணீர்கூடப் படக்கூடாது.

கேள்வி: இவற்றை வெளியிட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

2012-இல் திருத்தும்வரை இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம்; அதன்பின் எடுத்தவர் இறந்ததிலிருந்து 60 வருஷம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியானவை எப்போதோ அதைத் தாண்டிவிட்டன. ஆனால் ஆவணக்காப்பகம் கொடுத்த நகலுக்கு அவர்களுடைய நிபந்தனை உண்டு. அதையும், படத்தின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: ‘நாகர்கோவில் ரயில் நிலையம், 1890’ என்று ஒரு படம் சுற்றுகிறது. உண்மையா? (பலர்)

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். திருநெல்வேலிக்கு 1876-இலேயே வந்துவிட்டது, செங்கோட்டை–கொல்லம் பாதை 1904. மிஷனரிகள் திருநெல்வேலியில் இறங்கி வண்டி கட்டிக்கொண்டுதான் ஆரல்வாய்மொழி வழியாக வந்தார்கள். நிலையத்தின் பெயர்ப்பலகை தெரியும் பிரதி யாரிடமாவது இருந்தால், பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.